நோயாளியாக நடித்தவள்

அந்தப் பாடத்துக்கென்றே அறிவியல் டீச்சர் ஒரு முறை வைத்திருந்தாள். விஞ்ஞானியின் பெயரை முதலில் சொல்ல மாட்டாள். அவர் கண்டுபிடித்த பொருளையும் காட்ட மாட்டாள். முதலில் கஷ்டம்தான் வகுப்புக்குள் வர வேண்டும். ஒரு வீடு, அதில் காரணம் தெரியாமல் நாளுக்கு நாள் நலிந்துகொண்டே போகும் ஒரு மனிதர், கைவிரித்துவிட்ட மருத்துவர், வாய்க்கு வந்ததைப் பேசும் அக்கம்பக்கத்தார். இதைப் பிள்ளைகளே நடித்துக் காட்ட வேண்டும். பார்த்துக்கொண்டிருப்பவர்கள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்ட பிறகுதான் அவள் மேசை இழுப்பறையைத் திறப்பாள். கண்டுபிடிப்பு என்பது பசித்தவன் முன்னால் வைக்கிற தட்டு மாதிரி வர வேண்டும் என்பாள். பசிக்காதவனுக்கு ஊட்டினால் பரீட்சை வரைக்கும்தான் அது வயிற்றில் நிற்கும்.

இழுப்பறையில் இருந்தது ஓர் அட்டை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு. சரியாக எரியாத அடுப்போ கொதிகலனோ கக்குகிற கார்பன் மோனாக்சைடு அறைக்குள் இருந்தால் அந்தப் பொட்டு கறுத்துவிடும். அந்த வாயுவுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண்ணும் எரியாது. மூச்சோடு உள்ளே போய், ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். பாடத்தில் வருகிற விஞ்ஞானி இந்த அட்டையைச் செய்தார். காற்று வந்து புகையைத் திருப்பி உள்ளே தள்ளாதபடி புகைபோக்கிக்கு ஒரு மூடியும் செய்தார். பேய் பிடித்த வீடு என்று ஊர் ஒதுக்கிவைத்திருந்த வீடுகளில் மறுபடியும் ஆட்கள் குடியேறினார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் டீச்சர் இதைத் தடங்கலில்லாமல் சொல்வாள்.

அன்று கடைசி பெஞ்சில் கல்வி அலுவலர் உட்கார்ந்திருந்தார். நரைத்த தலையும் மெல்லிய குரலும் கொண்ட அம்மா. மற்றப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று தலைமையாசிரியர் முன்தினமே காதில் போட்டுவைத்திருந்தார். டீச்சருக்கு அந்த ஆசை இருந்தது. ஆனால் காலையிலிருந்து மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை.

காலையில் வீட்டில் சண்டை. அதைச் சண்டை என்றும் சொல்ல முடியாது, அவள் மட்டும்தான் பேசினாள். அவள் கணவர் அச்சகத்துக்கு மெய்ப்புப் பார்ப்பவர். புத்தகம் அச்சேறும் முன் எழுத்து எழுத்தாகப் படித்துப் பிழை திருத்துகிற வேலை. மழைக்காலம் தொடங்கியபோது அச்சகத்தில் இடமில்லை என்று சொல்லி, தாள்களை வீட்டுக்கே அனுப்பத் தொடங்கினார்கள். கீழே லாண்டரி, மாடியில் இவர்கள் வீடு. அதன் பின்னறையில் மேசை போட்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து மனிதர் மாறிப்போனார். அவள் மாலையில் திரும்பும்போது தாள் புரட்டாமல் கிடக்கும். கேட்டால் தலைவலி என்பார். ஒரு பக்கத்தையே நாலு தரம் படித்தேன், ஏறவில்லை என்பார். போன வாரம் ஒரு புத்தகம் முழுக்கப் பிழையோடு போய், அச்சகத்தார் கூப்பிட்டுக் கேட்கக் கூடாததைக் கேட்டார்கள். மத்தியானத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்குகிறார் என்று தெரு பேசியது. பகலிலேயே குடிக்கிறார் என்று தெரு முடிவும் கட்டியது.

அவளும் அவருடைய அக்காவுக்குப் போன் போட்டு அழுதாள். நாத்தனார் வந்து தம்பியை உட்காரவைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போல் கேட்டுவிட்டுப் போனார். அவர் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். குடிக்கவில்லை என்று ஒரு தரம் சொன்னார். யாரும் நம்பாததால் இரண்டாம் தரம் சொல்லவில்லை.

"இன்னிக்கு எழுந்திருக்கவே முடியலம்மா. நீ லீவு போட முடியுமா?" என்று காலையில் கேட்டார்.

"நடிக்காதீங்க," என்று சொல்லிவிட்டு அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கீழே வரும்வரை அந்தச் சொல் காதுக்குள் கூடவே வந்தது. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆரம்பிக்கலாமா மிஸ்?" என்று கேட்டாள் நோயாளியாக நடிக்க வேண்டியவள். வகுப்பில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். நிறுத்தவும் முடியாது, சத்தத்தைக் குறைக்கவும் முடியாது. டீச்சர் வீட்டுக்கு எதிர் வரிசையில்தான் குடியிருந்தாள்.

"ஆரம்பி. ஆனா சொன்னது ஞாபகம் இருக்கட்டும். புத்தகத்துல இருக்கிற நோயாளி எனக்கு வேண்டாம். நீ கண்ணால பார்த்த ஒருத்தர் வேணும்."

"பார்த்து வச்சிருக்கேன் மிஸ்."

"இவளுக்கு ஆளா மிஸ் கிடைக்காது? தெருவுல ஈ தும்மினாக்கூட இவளுக்குத்தான் முதல்ல தெரியும்," என்றாள் வக்கீல். எதையும் குறுக்கே கேள்வி கேட்பவள் என்பதால் அந்தப் பெயர். விஞ்ஞானி வேடம் அவளுக்கு. கையில் ஒரு பூதக்கண்ணாடி, தோளில் யாருடைய அப்பாவினுடையதோ ஒரு கோட்டு. வகுப்பு சிரித்தது. அலுவலரும் புன்னகை செய்தார்.

ரேடியோ கதவுக்கு வெளியே போய்விட்டு உள்ளே வந்தாள்.

ஒரு கை சுவரில். மறு கை புருவத்தை அழுத்திக்கொண்டிருந்தது. கால் தரையைத் தேடித்தேடி வைத்தது, படி இருக்கும் என்று நம்பி இல்லாத இடத்தில் இறங்குகிறவரைப் போல. சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. நடுவில் நின்று சட்டைப் பையைத் தடவினாள், மேசையைத் தடவினாள், எதையோ காணோம் என்று உதட்டைப் பிதுக்கினாள். அவள் தேடிய சிவப்புப் பேனா அவள் காதிலேயே செருகியிருந்தது.

வகுப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "ஐயா ஃபுல்லா ஏத்திட்டு வந்திருக்காரு டோய்!" என்று ஒரு குரல் கத்தியது. டீச்சரும் சிரித்தாள். நல்ல நடிப்பு என்று தோன்றியது.

"அது வந்து... அது வந்து..." என்றாள் ரேடியோ. கண்ணைச் சுருக்கி, வார்த்தை மேலே எங்கோ ஒட்டியிருப்பது போல் கூரையைப் பார்த்தாள். "என்னமோ சொல்ல வந்தேன்..."

டீச்சரின் சிரிப்பு பாதியில் அறுந்தது. அந்தச் சிவப்புப் பேனாவை அவளுக்குத் தெரியும். அந்த 'அது வந்து'வையும் தெரியும். நேற்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் கேட்டது. அவளுக்கு முகத்தில் ரத்தமெல்லாம் ஏறியது. தன் வீட்டுக் கதவைப் பெயர்த்தெடுத்து வகுப்பு நடுவில் நிறுத்திவைத்துவிட்டார்கள் போலிருந்தது.

"நிறுத்துடி!"

அவள் குரலை அவளே அதற்கு முன் கேட்டதில்லை. சிரிப்பு அடங்கியது. ரேடியோவின் கை சுவரிலேயே நின்றுவிட்டது.

"யாரைப் பார்த்து இந்தக் கூத்து?"

"மிஸ்... நீங்கதானே மிஸ் சொன்னீங்க... கண்ணால பார்த்தவங்கள மாதிரி..." ரேடியோவின் முகத்தில் ஈயாடவில்லை. கிண்டல் செய்கிறவளின் முகமில்லை அது. பாராட்டு எதிர்பார்த்து அடி வாங்கியவளின் முகம்.

வக்கீலுக்கு எதுவும் விளங்கவில்லை. இதுவும் நாடகத்தில் சேர்ந்ததோ என்னவோ என்று நினைத்துக்கொண்டு, மனப்பாடம் செய்துவைத்திருந்த தன் கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பட்டறை லீவு விடுற நாள்ல உங்க உடம்பு எப்படி இருக்கு?"

ரேடியோ டீச்சரையும் வக்கீலையும் மாறி மாறிப் பார்த்தாள். பயத்தில் வாய் தானாகவே பதிலைச் சொல்லிவிட்டது.

"அன்னிக்கு மட்டும் நல்லா இருக்கேன். ஏன்னுதான் தெரியல."

அந்த வரிகளை எழுதியவள் டீச்சர்தான். விஞ்ஞானி முடிச்சை அவிழ்த்த இடம் அது. நோயாளியின் வீட்டுக்குக் கீழே ஒரு பட்டறை. பட்டறை மூடியிருக்கும் நாளில் நோயாளிக்குத் தெம்பு வருகிறது. அப்படியென்றால் நோய் அவர் உடம்பில் இல்லை, அறையில் இருக்கிறது. வருஷா வருஷம் இந்த இடத்தில் டீச்சர் வகுப்பைத் திரும்பிப் பார்ப்பாள். எந்தப் பிள்ளையின் கண்ணில் முதலில் வெளிச்சம் வருகிறது என்று தேடுவாள்.

இன்று அவள் யாரையும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. போன ஞாயிறு அவர் காலையிலேயே எழுந்து வீடு கூட்டினார், சிரித்தார், தாள்களை மடமடவென்று முடித்தார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள், ஞாயித்துக்கிழமை மட்டும் எங்கேருந்து வருது இந்தத் தெம்பு என்று. திங்கட்கிழமை மறுபடியும் படுத்தார். ஞாயிறன்று அவள் வீட்டில் இருக்கிறாள், அதனால்தான் ஒழுங்காக இருக்கிறார் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். ஞாயிறன்று வேறென்ன என்று அவள் யோசிக்கவில்லை.

ஞாயிறன்று கீழே லாண்டரி கிடையாது.

லாண்டரியின் கொதிகலன் பின்பக்கம். அதன் புகைக்குழாய் மாடிப் பின்னறையின் கீறல் விட்ட சுவரை ஒட்டித்தான் மேலே போகிறது. சோப்பு நாற்றமும் மழைச் சாரலும் அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அந்த அறையின் ஜன்னலை இடுக்கு விடாமல் டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். ஒட்டியவள் அவளேதான். ஸ்டூலில் ஏறி நின்று ஒட்டினாள். அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

வகுப்பு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று பின்னால் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"நீ எப்போ பார்த்த?" என்று ரேடியோவிடம் கேட்டாள். குரல் மிகத் தாழ்ந்திருந்தது.

"காய்ச்சல்னு லீவு போட்டேன்ல மிஸ், அன்னிக்கு. சாருதான் படியில வந்து உக்காந்தாரு. தலையைப் பிடிச்சுக்கிட்டு. எனக்குச் சிரிப்பா வரல மிஸ், சத்தியமா. கொஞ்ச நேரம் காத்தாட உக்காந்தாரு, சரியாயிட்டாரு. நேரா நடந்து உள்ள போனாரு. குடிச்சவங்க இவ்ளோ சீக்கிரம் தெளிய மாட்டாங்களேன்னு எங்கம்மாகூடச் சொன்னாங்க."

டீச்சர் இழுப்பறையைத் திறந்தாள். பழக்கத்தில் கை அட்டையை எடுத்தது. அதன் பக்கத்திலேயே போன் இருந்தது. அவர் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்து நின்றது. மறுபடியும் அழுத்தினாள். வகுப்பறை முழுக்க அந்த மணி மட்டும்தான் கேட்டது.

பிறகு லாண்டரிக்காரருக்குப் போட்டாள்.

"டீச்சரா? உங்க பெட்ஷீட் சாயங்காலம்தான் கிடைக்கும். ஓட்டல் துணி மலையா குமிஞ்சு கெடக்கு."

"அண்ணே, பாய்லரை அணைங்க."

"என்னது?"

"பாய்லரை அணைச்சிட்டு மேல போய் எங்க வீட்டுக் கதவை உடைங்க. அவரை வெளிய இழுத்துட்டு வாங்க."

"என்ன டீச்சர் வேலை நேரத்துல தமாஷு? காலையிலேருந்து அடுப்பு ஃபுல்லுல ஓடுது, இப்ப அணைச்சா என் பொழப்பு என்னாகும்? சார் தூங்கிட்டிருப்பாரு. அவருக்குத்தான்..." அவர் இழுத்தார். "நான் சொல்லக் கூடாது, அவருக்குத்தான் பகல்ல கொஞ்சம் அப்படி இப்படி..."

"அவர் குடிக்கல அண்ணே! உங்க புகை எங்க அறைக்குள்ள போகுது. அவர் செத்துக்கிட்டிருக்காரு. கால்ல வேணும்னாலும் விழறேன், போங்க. உள்ள நிக்காதீங்க, மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் போங்க."

அந்தப் பக்கம் ஏதோ உலோகம் கீழே விழும் சத்தம். தூரத்தில் அவர் யாரையோ கத்திக் கூப்பிடுவது கேட்டது.

கடைசி பெஞ்சிலிருந்து அலுவலர் எழுந்து வந்திருந்தார். "என் வண்டி வாசல்ல நிக்குது. வாம்மா," என்றார். அவ்வளவுதான் பேசினார். வழியில் அவரே ஆம்புலன்ஸுக்கும் சொன்னார்.

வண்டியில் டீச்சர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைகள் திறந்திருந்தன. ஒருவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். அவளால் அழ முடியவில்லை. அந்தப் பாடத்தில் கரும்பலகையில் அவள் எழுதுகிற அறிகுறிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. தலைவலி என்று எழுதுவாள். மாத்திரை வாங்கிக் கொடு என்று அவர் கேட்டது, தினமும் ஒரு மாத்திரையா என்று அவள் கத்தியது. மறதி என்று எழுதுவாள். மின் கட்டணத்தை இரண்டு தரம் கட்டிவிட்டு அவர் திருதிருவென்று விழித்தது. வாந்தி என்று எழுதுவாள். அந்த நாளை நினைத்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வாயை மோந்து பார்த்தாள் அன்று. வாசனை இல்லை என்றதும் எதைக் குடிக்கிறார் இவர், வாசனைகூட வராமல், என்று நினைத்தாள்.

எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒன்றுகூடத் தெரியாமலில்லை. அதுதான் அவளை உலுக்கியது.

படிக்கட்டின் திருப்பத்தில் ஓட்டலின் வெள்ளை விரிப்புகளைக் குவித்து அதன்மேல் அவரைக் கிடத்தியிருந்தார்கள். லாண்டரிக்காரர் கீழ்ப்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேயறைந்தவர் போலிருந்தார்.

"மூச்சு இருக்கு டீச்சர். கூப்பிட்டா முழிக்க மாட்டேங்கிறாரு." அவருக்கு நாக்குக் குழறியது. "ஒரு நிமிஷம்தான் உள்ள இருந்திருப்பேன். எனக்கே கிர்ருனு வந்துருச்சு. ஒரு நாத்தம்கூட இல்ல டீச்சர், ஒண்ணுமே இல்ல. வெறும் வீடு மாதிரிதான் இருந்துச்சு."

அவள் கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். கன்னத்தைத் தட்டினாள். "என்னங்க," என்றாள். "என்னங்க, இங்க பாருங்க." அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. காதில் பேனா செருகியபடியே இருந்தது. மாடியில் உடைந்த கதவு விரியத் திறந்திருந்தது. அங்கிருந்து எதுவும் வரவில்லை. புகையில்லை, சூடில்லை. பட்டப்பகலில் ஒரு வீட்டு வாசல், அவ்வளவுதான்.

ஆம்புலன்ஸ் ஆட்கள் அவருக்கு ஆக்சிஜன் முகமூடி மாட்டித் தூக்கும்போது அவள் கையில் ஏதோ உறுத்தியது. விரல்களைப் பிரித்தாள். அட்டை கசங்கிப்போயிருந்தது. வாசலிலிருந்து இறங்கிவந்த காற்றே போதுமாக இருந்திருக்கிறது, பொட்டு கறுக்கத் தொடங்கியிருந்தது. இத்தனை வருஷத்தில் அது கறுத்து அவள் பார்த்ததில்லை. ஆரஞ்சுப் பொட்டைக் காட்டி, இது கறுக்கும் என்று சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்.

மருத்துவமனையில் டாக்டர் இளவயசுக்காரர். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா..." என்று தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "பொழைச்சுக்குவார். ஞாபக சக்தி திரும்ப நாளாகலாம். எத்தனை நாளா இப்படி இருக்கார்?"

"மழை ஆரம்பிச்சதுலேருந்து."

"யாரும் கவனிக்கலையா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

வராந்தாவில் நின்று நாத்தனாருக்குப் போன் செய்தாள். எடுத்த எடுப்பிலேயே, "என்ன, மறுபடியும் குடிச்சிட்டு விழுந்து கெடக்கானா?" என்று கேட்டது அந்தப் பக்கம்.

"இல்ல அண்ணி. அவர் ஒரு நாளும் குடிக்கல." அதற்குமேல் சொல்ல வந்ததைக் கோர்வையாகச் சொல்ல அவளால் முடியவில்லை. மூன்று முறை ஆரம்பித்தாள். விஷயம் ஒருவழியாகப் புரிந்தபோது அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே வரவில்லை. "அண்ணி?" என்றாள். போன் துண்டிக்கப்படவில்லை. இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றார்கள்.

மாலையில் அவர் கண் விழித்தார். முதலில் கூரையைப் பார்த்தார். பிறகு அவளை. முகமூடிக்குள்ளிருந்து அவர் பேசியது புரியவில்லை. நர்ஸ் வந்து ஒரு நிமிஷம் மட்டும் என்று சொல்லி முகமூடியை விலக்கிவிட்டாள்.

அவள் சொன்னாள். லாண்டரி, குழாய், ஜன்னல். ஜன்னல் என்ற இடத்தில் குரல் உடைந்தது. அவர் கவனமாகக் கேட்டார், பிழை தேடிப் படிப்பவர் கேட்பது போல. கேட்டு முடித்ததும் அவர் முகம் விரிந்தது. அவர் கோபப்படுவார் என்று நினைத்து அவள் தன்னைத் தயார்ப்படுத்தி வைத்திருந்தாள். அவர் சிரித்தார்.

"அப்போ எனக்குப் பைத்தியம் பிடிக்கல," என்றார்.

"என்ன பேசறீங்க?"

"எழுத்தெல்லாம் கலைஞ்சு கலைஞ்சு போகும். நேத்து உன் பேர்கூட ஒரு நிமிஷம் வரல. உங்கிட்ட சொல்லல. வயசாகறதுக்கு முன்னாடியே மூளை போகுதுன்னு நினைச்சேன். இல்லன்னா, நீங்க எல்லாரும் சொல்ற மாதிரி நான் உண்மையிலேயே சோம்பேறிதானோ, நடிக்கிறேனோ, எனக்கே தெரியாம நடிக்கிறேனோன்னு..." மூச்சு வாங்கியது. கண்ணோரத்திலிருந்து நீர் காதுப் பக்கம் இறங்கியது. அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "புகைதானா! அப்பாடா."

அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து விழுந்த அடிகளில் இதுதான் கடைசி, இதுதான் பலமாக விழுந்தது. அவர் தன்னையே நம்பவில்லை. அவள் சொன்னதைத்தான் நம்பியிருந்தார்.

"நீ எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேட்டார். குரலில் பெருமை இருந்தது.

"நான் கண்டுபிடிக்கல." சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. "எதிர் வீட்டு ரேடியோ இருக்காள்ல. வகுப்புல உங்கள மாதிரி நடிச்சா."

"என்னை மாதிரியா? எல்லாரும் சிரிச்சிருப்பாங்களே."

"சிரிச்சாங்க."

"நீ?"

"நானும்தான்."

கோடுகள் ஓடும் ஒரு சின்னத் திரை அவர் தலைக்குமேல் மினுங்கிக்கொண்டிருந்தது.

"எப்படி நடிச்சா? காட்டு பார்ப்போம்."

"வேண்டாங்க."

"காட்டு. எனக்கே தெரியாது, நான் எப்படி இருந்தேன்னு."

அவள் எழுந்தாள். அடுத்த கட்டில்காரர் பார்த்துக்கொண்டிருந்தார், அவள் பொருட்படுத்தவில்லை. ஒரு கையைச் சுவரில் வைத்தாள். மறு கையால் புருவத்தை அழுத்தினாள். ஓரடி எடுத்துவைத்தாள். கால் தரையைத் தேடியது. இன்னோர் அடி. சட்டைப் பையைத் தடவுகிற இடத்தில் அவள் கை நெஞ்சில் நின்றுவிட்டது, அதற்குமேல் நகரவில்லை. மூன்றாவது அடிக்குக் காலைத் தூக்கும் தைரியம் அவளுக்கு வரவில்லை.

அவர் சிரிக்கவில்லை. ஒரு கிழிந்த தாளைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தார்.

"இவ்வளவு மோசமாவா இருந்தேன்?" என்றார்.

அவள் சுவரைப் பிடித்தபடியே ஆமாம் என்று தலையசைத்தாள்.

"சரி, வந்து உக்காரு," என்றார்.